தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்: றாம் அட்டைகளைச் சோடியாகப் பொருத்துதல்



தற்போக்குப் பெறுவழி நினைவகம், அதாவது றாம், ஓர் அழிதகு நினைவகம் என்பதையும் மத்திய செயற்பாட்டு அலகு தனக்கு வேண்டிய தரவுகளையும் அறிவுறுத்தல்களையும் அதிலிருந்தே பெறுகின்றது என்பதையும் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். இப்பாடத்தில் அந்நினைவகத்தைத் தாய்ப்பலகையில் எவ்வாறு பொருத்தினால் முழுப் பயனையும் பெறலாம் என நோக்குவோம். பாடசாலைக் கணினிக்கோ வீட்டுக் கணினிக்கோ பணம் கொடுத்து இரண்டு அட்டைகளை வாங்கிய பின்னர், அவற்றைத் தவறான இடத்தில் செருகியதால் பாதி வேகத்தையே பெறுவோர் பலர். கணினியும் எவ்விதப் பிழைச் செய்தியும் காட்டாமல் இயங்குவதால் அத்தவறு அவர்களுக்குத் தெரிவதில்லை.

1. இரட்டை வழி என்றால் என்ன?

ஒரு தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தொட்டியொன்றை நிரப்புவதாகக் கொள்வோம். இரண்டாவது தாங்கியொன்றை அதே குழாயுடன் இணைத்தால் நீரின் அளவு கூடும். ஆனால் தொட்டி நிரம்பும் வேகம் கூடாது. இரண்டாவது தாங்கிக்குத் தனியான குழாய் அமைத்தால் மாத்திரமே வேகம் இரு மடங்காகும்.

இங்கு தாங்கி என்பது றாம் அட்டை; குழாய் என்பது நினைவக வழி; தொட்டி என்பது மத்திய செயற்பாட்டு அலகு. இரு வழிகளிலும் அட்டைகள் இருந்து அவை ஒருங்கே தரவை ஊடுகடத்தும் முறையே டுவல் சனல் எனப்படும் இரட்டை வழி முறையாகும். இரு அட்டைகளையும் ஒரே வழியில் செருகினால் கொள்ளளவு கூடும். மற்றைய வழி வெறுமையாகவே இருக்கும்.

2. கணித்துப் பார்ப்போம்

ஒரு வழியின் அகலம் 64 பிற்று, அதாவது 8 பைற்று ஆகும்.

உச்சத் தரவு வீதம் = ஒரு செக்கனில் நிகழும் ஊடுகடத்தல்கள் × 8 பைற்று × வழிகளின் எண்ணிக்கை

உதாரணம்: டி.டி.ஆர். 400 வகை அட்டையின் கடிகார அதிர்வெண் 200 மெகாஹேர்ட்ஸ். ஒரு கடிகாரச் சுற்றில் இரு தடவைகள் தரவு செல்வதால் செக்கனுக்கு 400 மில்லியன் ஊடுகடத்தல்கள் நிகழும்.

ஒரு வழி: 400 × 8 × 1 = 3200 மெகாபைற்று / செக்கன்
இரு வழி: 400 × 8 × 2 = 6400 மெகாபைற்று / செக்கன்

2003 ஆம் ஆண்டில் வெளிவந்த, 800 மெகாஹேர்ட்ஸ் முன்பாட்டை கொண்ட பென்டியம் 4 செயலிக்கு 800 × 8 = 6400 மெகாபைற்று / செக்கன் தரவை ஏற்கும் ஆற்றல் இருந்தது. ஓர் அட்டை அதன் பாதியையே வழங்கியது. எனவே அவ்வாண்டு வெளியான இன்டெல் 865, 875 சில்லுத் தொகுதிகள் இரட்டை வழியுடன் அமைக்கப்பட்டன.

கவனிக்க: இரு மடங்காவது உச்சத் தரவு வீதமே, கணினியின் வேகம் இரு மடங்காவதில்லை. சொற்செயலியில் கடிதம் எழுதுபவர் வேறுபாட்டை உணரமாட்டார். தனியான வரைவியல் அட்டை இல்லாத கணினியில் படங்காட்டும் பகுதியும் இதே நினைவகத்தைப் பயன்படுத்துவதால், அங்கு பயன் தெளிவாகத் தெரியும்.

3. எவ்வகை அட்டைகள் பொருந்தும்?

• தாய்ப்பலகை ஏற்கும் தலைமுறையாக இருத்தல் வேண்டும். டி.டி.ஆர். 3 இற்கு 240 தொடுகைகளும் 1.5 வோல்ற்றும், டி.டி.ஆர். 4 இற்கு 288 தொடுகைகளும் 1.2 வோல்ற்றும், டி.டி.ஆர். 5 இற்கு 288 தொடுகைகளும் 1.1 வோல்ற்றும் உரியன. வெட்டு அமைந்துள்ள இடம் வேறுபடுவதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது.
• ஒரே கொள்ளளவும் ஒரே வேகமும் கொண்ட சோடி மிகச் சிறந்தது.
• வேகங்கள் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும்.
• 4 ஜிகாபைற்று ஒன்றும் 8 ஜிகாபைற்று ஒன்றும் பொருத்தினால், பல தாய்ப்பலகைகளில் 4 + 4 ஜிகாபைற்று இரட்டை வழியிலும் எஞ்சிய 4 ஜிகாபைற்று ஒற்றை வழியிலும் இயங்கும்.

4. எந்த இடத்தில் செருகுவது?

நான்கு செருகுமிடங்கள் உள்ள தாய்ப்பலகையில் அவை பெரும்பாலும் செயலியின் பக்கமிருந்து ஏ1, ஏ2, பி1, பி2 எனப் பெயரிடப்பட்டிருக்கும். ஏ ஒரு வழி, பி மற்றைய வழி. இரு அட்டைகளை அடுத்தடுத்து ஏ1, ஏ2 இல் செருகுவதே பலரும் விடும் தவறு. இன்றைய தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் ஏ2, பி2 ஆகியவை, அதாவது இரண்டாவதும் நான்காவதும், பரிந்துரைக்கப்படுகின்றன. பழைய பலகைகள் பலவற்றில் ஒரே நிறமுள்ள இரு இடங்கள் ஒரு சோடியாகும். ஆனால் நிற முறை எல்லா உற்பத்தியாளருக்கும் ஒன்றல்ல. ஆகவே கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்க.

5. பொருத்தும் படிமுறை

(1) கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றுக. பின்னர் ஆளியை ஒரு தடவை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுக.
(2) பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்குக. நீங்கள் உணராத அளவு நிலைமின்னும் சில்லைப் பழுதாக்கலாம்.
(3) அட்டையை ஓரங்களில் பிடிக்குக. தொடுகைகளைத் தொட வேண்டாம்.
(4) செருகுமிடத்தின் கவ்விகளைத் திறந்து, வெட்டை மேட்டுடன் பொருத்துக.
(5) இரு முனைகளையும் சமமாக அழுத்துக. கவ்வி ‘டிக்’ என மூடிக்கொள்ளும். வெட்டுப் பொருந்தாவிடின் வலிந்து அழுத்தாதீர்கள்.
(6) கணினியை இயக்கி, பயோஸ் திரையில் மொத்தக் கொள்ளளவையும் வழி முறையையும் சரிபார்க்குக. திரை வராவிடின் மின்னைத் துண்டித்து, அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பரிசோதிக்குக.

6. சிந்திக்க

8 ஜிகாபைற்று அட்டை ஒன்றா, 4 ஜிகாபைற்று அட்டைகள் இரண்டா? கொள்ளளவு சமம், இரட்டை வழி பின்னதற்கே கிடைக்கும். எனினும் செருகுமிடங்கள் இரண்டே இருப்பின் பின்னர் விரிவாக்கும்போது ஓர் அட்டையைக் கழற்ற வேண்டிவரும். மேலும், நினைவகம் போதாதபோது பணிசெயல் முறைமை வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்துவதால் கணினி பெரிதும் மந்தமாகும். ஆகவே முதலில் போதிய கொள்ளளவு, அடுத்து இரட்டை வழி என்பதே சரியான ஒழுங்கு.

பயிற்சி வினாக்கள்

1. ஏ1, ஏ2 ஆகியவற்றில் மாத்திரம் இரு அட்டைகள் செருகப்பட்டால்,
(1) கணினி இயங்காது (2) கொள்ளளவு கூடும், வழி ஒன்றே (3) கொள்ளளவும் வழியும் இரு மடங்காகும் (4) அட்டைகள் பழுதடையும்

2. டி.டி.ஆர். 3–1600 வகை அட்டைகள் இரண்டு இரட்டை வழியில் இயங்குகையில் உச்சத் தரவு வீதம் யாது?

3. ‘இரட்டை வழியால் கணினியின் வேகம் இரு மடங்காகும்.’ இக்கூற்று சரியா? காரணம் தருக.

விடைகள்

1. (2)
2. 1600 × 8 × 2 = 25 600 மெகாபைற்று / செக்கன்
3. தவறு. நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான உச்சத் தரவு வீதமே இரு மடங்காகும். கணினியின் வேகம் செயலி, வன்தட்டு, செய்யும் வேலை ஆகியவற்றிலும் தங்கியுள்ளது.

கணிப்பு வினாக்களில் அலகை எழுத மறவாதீர்கள். வாய்ப்புக் கிடைப்பின் ஆசிரியரின் மேற்பார்வையில் பழைய கணினியொன்றைத் திறந்து, செருகுமிடங்களின் பெயர்களை நீங்களே வாசித்துப் பாருங்கள்.