மணைக்குப் பளபளப்பு ஏற்றுவது எப்படி?

முதலில் ஒரு கதை. சிரிக்கக் கூடாது.

எங்கள் குழுவில் ஒரு தங்கைக்கு நிச்சயதார்த்தம். கடையில் வாங்காமல் நாமே ஒரு மணை செய்து கொடுக்கலாம் என்று கிளம்பினோம். கித்தாக்கட்டைப் பலகை, சிவப்புச் சாயம், நடுவில் வெள்ளைத் தாமரைக் கோலம், அதன் மேல் வார்னிஷ். கடைசிப் பூச்சு வியாழன் இரவு; நிகழ்ச்சி சனிக்கிழமை காலை. தொட்டுப் பார்த்தோம், காய்ந்துதான் இருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அவள் எழுந்தபோது மணையும் கூடவே எழுந்து வந்தது! புடவையை மெல்ல மெல்ல உரித்தெடுத்தோம். பட்டின் நெசவு அப்படியே வார்னிஷில் பதிந்திருந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

எங்கே தவறினோம்? வார்னிஷ் காய்வது வேறு, இறுகுவது வேறு. விரலில் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்வரை இறுகி உறுதியாக வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் அவசரத்தில் மூன்று பூச்சை ஒரே பூச்சாகத் தடிமனாகப் பூசிவிட்டோம். மேலே தோல் மாதிரி ஒரு படலம் காய்ந்துகொண்டது, அடியில் இருந்தது ஈரமாகவே நின்றுவிட்டது. உட்காரும் மணை, விளக்கு வைக்கும் பலகை, கொலுப்படி எதுவானாலும் மூன்று நான்கு வாரம் முன்னதாகவே வேலையை முடித்துவிடுங்கள்.

இனி, பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வார்னிஷ் டின்னிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் அதில் படும் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும், நம் கண்ணுக்கு மின்னும். மேடு பள்ளம் இருந்தால் ஒளி சிதறி, மங்கலாகத் தெரியும். ஆக, முக்கால்வாசி வேலை உப்புத்தாளில்தான் இருக்கிறது. 120, 180, 240 என்று சொரசொரப்பில் தொடங்கி நயமான தாளுக்குப் போங்கள். மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, வார்னிஷ் ஏறியதும் பல்லை இளிக்கும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மர நார்கள் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 240 தாளால் இன்னொரு தடவை லேசாகத் தேய்த்துவிட்டால் சாயம் பூசும்போது அவை தொல்லை தராது.

பலகைக்கு நான் கித்தாக்கட்டையைத்தான் சொல்வேன். தாத்தா பாட்டி காலையில் பால் வெட்டிய அதே மரம்தான். ஏறக்குறைய 25 வயதில் பால் குறைந்ததும் வெட்டி, இப்போது நாற்காலி மேசையாக ஏற்றுமதி ஆகிறது. வெளிர் நிறம், சாயம் நன்றாகப் பிடிக்கும். மருந்து ஏற்றிய பலகையாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பூச்சி அரிக்கும்.

அடிப்பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் 320 தாளில் ஒரு தேய்ப்பு. பிறகு அக்ரிலிக் சாயம், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. கோலத்தை மார்க்கர் பேனாவில் போடுகிறவர்கள் ஒரு துண்டுப் பலகையில் சோதித்துப் பாருங்கள். தூரிகை பட்டதும் சில மைகள் கலைந்து ஓடிவிடும்.

வார்னிஷில் இரண்டு வகை. எண்ணெய் வகை கடினமானது, ஆனால் நாளாக நாளாக மஞ்சள் ஏறும். எங்கள் வெள்ளைத் தாமரை மஞ்சள் தாமரை ஆனது அப்படித்தான்! வெள்ளை, வெளிர்நீலம் இருக்கும் வேலைக்கு நீர் வகையே நல்லது. டின்னில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். எதுவானாலும் டின்னைக் குலுக்காதீங்க, குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். ஒரே போக்கில் பூசிக்கொண்டு போங்கள், பூசிய இடத்துக்குத் திரும்பி வராதீங்க. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு 400 தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். பலகை வெளுத்துப் போய்ப் பயமுறுத்தும். அடுத்த பூச்சில் சரியாகிவிடும். மூன்று மெல்லிய பூச்சு போதும். கடைசிப் பூச்சைத் தொடாதீங்க, தூசி விழாமல் மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழை நாளில் ஸ்பிரே லாக்கர் அடித்தால் வெண்புகை படிந்த மாதிரி ஆகிவிடும். திரவம் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். தீபாவளி நேரமோ மழைக்காலம்! காலையிலேயே பூசிவிடுங்கள். நேர் வெயிலில் காய வைக்காதீங்க, கொப்புளம் வரும்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. அது காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். எரியும் விளக்கு, சாம்பிராணிப் பக்கம் வார்னிஷைத் திறக்காதீங்க. விளக்குப் பலகை செய்கிறவர்கள் விளக்குக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைக்கச் சொல்லுங்கள். சூடும் எண்ணெயும் பட்டால் பளபளப்பு போய்விடும்.

வார்னிஷே இல்லாத பளபளப்பும் உண்டு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது; தாழை ஓலையால் அழுத்தினால் மின்னுகிறது. ஆனால் அது உருண்டையான பொருளுக்குத்தான் சரிவரும், நம் மணைக்கு வராது.

நெசவு பதிந்த மணையை ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாங்கினோம். 400 தாளால் தேய்த்து, தாமரையைப் புதிதாக வரைந்து, நீர் வார்னிஷ் மூன்று பூச்சு போட்டுக் கொடுத்தோம். தங்கையின் வளைகாப்புக்கும் அதே மணைதான். உட்காருவதற்கு முன் மட்டும் அவளுடைய அம்மா ஒரு துண்டை மடித்து அதன்மேல் விரித்துவிட்டார்.