டொராண்டோ போய்ச் சேராத பார்சல்: அஞ்சல் துறைமீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கனடாவில், டொராண்டோவில் மேற்படிப்புக்காக இருக்கும் என் மகளுக்குக் 2020 மார்ச் 13 அன்று ஏர் பார்சல் அனுப்பினேன். உள்ளே ஒரு பட்டுப்புடவையும் அவளுடைய அசல் பட்டச் சான்றிதழும் இருந்தன. ஆகஸ்ட் முடியப்போகிறது, பார்சல் இன்னும் போய்ச் சேரவில்லை. இணையத்தில் பார்த்தால் சென்னையில் பையில் கட்டப்பட்டதாகச் சொல்லும் வரியோடு நிற்கிறது. தபால் நிலையத்தில் கேட்டால், "கொரோனா, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் மகளுக்கு ஒரு வாய்ப்புக் கைநழுவிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வழக்கைப் பிறகு பார்க்கலாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கைப்படி, வெளிநாட்டுப் பார்சல் பற்றிய விசாரணை மனுவை, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. வாய்மொழியாக எத்தனை முறை கேட்டிருந்தாலும் அது மனுவாகாது.

மார்ச் 15 முதல் காலவரம்புகளை நீட்டித்து உச்ச நீதிமன்றம் மார்ச் 23 அன்று உத்தரவு போட்டிருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த உத்தரவு நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் தாக்கல் செய்யும் மனுக்களுக்கானது. தபால் நிலையத்தில் கொடுக்கும் விசாரணை மனுவுக்கும் அது பொருந்தும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மார்ச் 22 முதல் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் இந்தியாவில் இறங்கத் தடை வந்தது. வெளிநாட்டுத் தபாலில் பெரும்பகுதி அந்த விமானங்களின் வயிற்றில்தான் போகும். ஆகவே தொடக்கத் தாமதத்துக்கு அஞ்சல் துறையைக் குறை சொல்ல முடியாது. மனித சக்தியை மீறிய நிகழ்வால் ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று உடன்படிக்கையும் விலக்குத் தருகிறது. 2020இல் நடைமுறையில் இருந்த 1898ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. தொலைந்தாலும் தாமதமானாலும் சேதமானாலும், அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் பொறுப்பு. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டும் அந்த ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கலாம்.

கைநழுவிய வாய்ப்புக்கான ஐந்து லட்சம் கிடைக்காது. மறைமுக இழப்பை உடன்படிக்கை கணக்கில் எடுப்பதே இல்லை. வழக்குச் செலவு செய்யுமுன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்சல் தொலைந்ததாக முடிவானால், இன்ஷூர் செய்யாத பார்சலுக்கு எடையை வைத்து ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் இழப்பீடும், கட்டிய அஞ்சல் கட்டணமும் கேட்கலாம். அனுப்பியவர் நீங்கள் என்பதால் மனுவை மகள் பெயரில் போடாமல் உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

ஆனாலும் "கொரோனா" என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடாது. 2020 மே 7 முதல், வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் போய் வந்தன. தபால் போக வழி திறந்த பிறகும் உங்கள் பார்சல் சென்னையிலேயே கிடந்திருந்தால், அதற்குத் தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் அவகாசம். பார்சல் எந்தத் தேதியில், எந்த எண்ணுள்ள பையில், எந்த விமானத்தில் ஏற்றப்பட்டது, இன்னும் ஏற்றவில்லையென்றால் ஏன் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பதில் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணமும் இல்லை. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 6ஆம் பிரிவு அங்கேயும் குறுக்கே நிற்கும் என்பதால், ஆவணம் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உரியவரிடம் சேரும்வரை பார்சல் அனுப்பியவரின் சொத்து. அது இன்னும் சென்னையில் இருப்பதாகத் தெரிந்தால், திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், நகல் சான்றிதழுக்காகக் காவல் நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அலைய வேண்டாம்.

முதலில் பதிவு ரசீதை எடுங்கள். 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஐஎன்' என்று முடியும் பதின்மூன்று இலக்கப் பார்சல் எண் அதில் இருக்கும். ரசீது, சுங்க உறுதிமொழிப் படிவம் இரண்டின் நகலையும் இணைத்து, செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமைக்குள் தலைமை அஞ்சலகத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் கவுன்டரைவிட்டு நகராதீர்கள்.