தாத்தாவின் எம்.ஜி.பி. யாருக்குப் போக வேண்டும்?

கேள்வி: என் மாமனார் மருத்துவராக லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆசைப்பட்டு வாங்கிய எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று வைத்திருந்தார். 1972 மார்ச்சில் பதிவான கார். 2006-லிருந்து எங்கள் வீட்டு கராஜில் உறை போர்த்தியபடி நிற்கிறது. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். தெரிந்த மெக்கானிக் ஒருவர், “புது பேட்டரியும் கொஞ்சம் பெட்ரோலும் போட்டால் இன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிவிடலாம்” என்கிறார். பெயின்ட் அடித்துப் புதுசு போல ஆக்கி விற்றுவிடலாம் என்பது என் கணவரின் எண்ணம். கல்லூரியில் படிக்கும் மகனோ, “தாத்தா கார் எனக்குத்தான்” என்கிறான். ஸ்டார்ட் பண்ணலாமா? எதற்கெல்லாம் செலவழிக்கலாம்? விற்பதா, மகனுக்குக் கொடுப்பதா?

வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பெயின்டுக்குக் காசு போட வேண்டாம். நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக ஆக்குவதற்குப் போடுங்கள். கார் யாருக்கு என்பதை இப்போதே முடிவு செய்யாமல், வேலை முடியும்போது முடிவு செய்யுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

உங்கள் கையில் இருப்பது காப்பாற்றத் தகுந்த கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில், கூரை மூடிய ஜி.டி. மாடலையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் எம்.ஜி.பி.-க்கள் தயாராயின. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-லிருந்து முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம். எஞ்சினும் நமக்குப் பழக்கமானதுதான். நம் ஊர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், இந்தக் காரின் 1798 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி-சீரீஸ்’ குடும்பத்தில் பிறந்தவை. முரட்டு உழைப்பு உழைக்கும், சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்தே பிரித்துச் சேர்த்துவிடலாம்.

ஆனால் அவ்வளவு உறுதியான எஞ்சினையும் ஒரே நிமிடத்தில் பாழாக்க முடியும். இத்தனை வருடம் நின்ற எஞ்சினுக்குள் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் மிச்சம் இருக்காது. பிஸ்டன் ரிங் லேசாகத் துருவோடு ஒட்டியிருக்கலாம், ஏதாவது ஒரு வால்வு சிக்கியிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரால் வேகமாகச் சுழற்றினால் சிலிண்டர் கீறிப்போகும், புஷ்ராடு வளைந்துவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முன்பக்கத்து கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். மசியவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சுற்ற ஆரம்பித்ததும் மேலே ராக்கர் கவரைத் திறந்து, எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய ஆயிலை வடித்து, 20டபிள்யூ-50 ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றுங்கள், ஹோஸ்களை அழுத்திப் பார்த்து வெடிப்பு விட்டதை எறிந்துவிடுங்கள். அதன் பிறகே பேட்டரி. பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழும்புகிறதா என்று கவனியுங்கள். முள் எழுந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும்.

பேட்டரி என்றதும் ஒரு குறிப்பு. அந்தக் காலத்து எம்.ஜி.பி.-யில் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு மூடிக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவை உட்காரும் பெட்டிகள் துருவுக்குப் பேர்போனவை. மூடியைத் திறக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்த வயர் எங்காவது உண்டா என்பதையும் அப்போதே தேடிவிடுங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இந்நேரம் வார்னிஷ் வாடை அடிக்கும் பிசினாகியிருக்கும். அதன் மேல் புது பெட்ரோலை ஊற்றினால் அந்தப் பிசின் கரைந்து கார்புரேட்டருக்குள் போய் அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். டேங்கின் மேல்பக்கத்தையும் பாருங்கள்: டிக்கித் தரைக்கும் டேங்குக்கும் நடுவே சேறு தேங்கி, மேலிருந்துதான் அது ஓட்டை விழும். ரப்பர் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் புதிதாக்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஆகவே ஹோஸ் எத்தனாலைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். பெட்ரோல், ‘சூப்பர்’ என்று விற்கும் ஈ5 ஆக இருக்கட்டும்.

பிறகு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல், காதைக் கொடுங்கள். பின்பக்கத்து எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் இரண்டும் நிரம்பியதும் டிக் டிக் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. உடனே சாவியை அணைத்து வண்டிக்கு அடியில் பாருங்கள். இதையெல்லாம் கராஜுக்கு வெளியே, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும்.

எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது, வண்டி நிற்கவும் வேண்டும். 1972 இங்கிலாந்து மாடலில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வருடத்தில் அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருக்கும். எனவே இதில் பாதி வேலை கூடவே கூடாது. மாஸ்டர் சிலிண்டர், பின் சக்கர சிலிண்டர்கள், முன் காலிப்பர் சீல்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிது. கிளட்ச்சும் ஹைட்ராலிக் என்பதால் அதற்கும் இதே வைத்தியம். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்.

அடுத்தது, இந்தக் காரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இடம்: சில். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு அது. ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது, தனி சேஸிஸும் கிடையாது. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதே இந்த சில்தான். கதவின் பின்விளிம்புக்கும் பின் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கும்போது அதே இடைவெளியைக் கவனியுங்கள். மேல்பக்கம் இடைவெளி நெருங்கி, கதவு திறக்க முரண்டு பிடித்தால் சில் உள்ளே செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி சில் மேல் ஓட்டிப் பார்த்தால், எங்கெல்லாம் பிடிக்கவில்லையோ அங்கெல்லாம் பட்டி பூசியிருக்கிறார்கள்.

சில் வேலையை முறையாகச் செய்பவர், பாடி தொய்ந்துவிடாதபடி கதவு வாசலுக்குக் குறுக்குச் சட்டம் கட்டி, ஃபெண்டரின் அடிப்பகுதியை வெட்டித் திறந்து, உள் தகட்டிலிருந்து வெல்டிங் செய்துகொண்டு வருவார். துருப்பிடித்த தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் இந்தக் காரை வாங்குபவருக்கு அந்தப் படங்கள் பெயின்டை விடப் பெரிய மதிப்பு.

பெயின்ட் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. லட்சக்கணக்கில் செய்த கார் என்பதால் உதிரி பாகம் எளிது. அதே காரணத்தால் விலைக்கும் ஒரு வரம்பு உண்டு. முழுதாகப் பிரித்து ரெஸ்டோர் செய்யும் செலவு, விற்றால் கிடைக்கும் பணத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடும். விவரம் தெரிந்தவர்கள், விற்பதற்காகவே அடித்த புதுப் பெயின்டைக் கண்டால் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்கள். மங்கிய பெயின்ட், உட்கார்ந்து தேய்ந்த இருக்கை, உங்கள் மாமனார் கை பட்டு வழவழப்பான ஸ்டீயரிங் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். கழுவி, பாலிஷ் போடுங்கள், போதும். மிச்சமாகும் பணம் சில்லுக்கும் பிரேக்குக்கும் போகட்டும்.

இனி காகிதங்கள். மாமனார் வைத்திருந்த பில் ஒன்றைக்கூட எறியாதீர்கள். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. அதற்கேற்ப சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான வால்வு சீட் போட்டாரா என்பதற்கு அந்த பில்கள்தான் சாட்சி. போடவில்லை என்றால் பெட்ரோலில் சேர்க்கும் மருந்து கடையில் கிடைக்கும். லாக்புக்கான வி5சி-யை உங்கள் கணவர் பெயருக்கு மாற்ற, மாமனார் காலமானதைத் தெரிவிக்கும் கடிதத்தோடு வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.-வுக்கு அனுப்புங்கள். அந்தப் புத்தகத்தில் வரிப் பிரிவு ‘ஹிஸ்டாரிக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சாலை வரி இல்லை. ஹாரோவும் இப்போது யூலெஸ் என்ற புகைக் கட்டண எல்லைக்குள் இருக்கிறது, அந்தக் கட்டணமும் இதற்குக் கிடையாது. வரி பூஜ்யம் என்றாலும் ரோட்டில் இறக்குமுன் டாக்ஸ் பதிவு செய்தே ஆக வேண்டும். 40 வயது தாண்டிய கார் என்பதால் எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றாலும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். சம்பந்தமில்லாத ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துச் சொல்லும் வார்த்தைக்கு ஈடில்லை. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் விண்ணப்பித்தால், இந்த கார் எந்தத் தேதியில், என்ன நிறத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பதற்குச் சான்றிதழ் தருவார்கள். காரின் பழைய நம்பரைத் தனியாக விற்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அது காரோடு பிறந்தது.

இப்போது மகன். “எனக்குத்தான்” என்று அவன் சொல்வது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லோடு விடாமல் வேலையாக மாற்றுங்கள். பிரேக் சிலிண்டரைக் கழற்றும்போது அவன் கையில் ஸ்பேனர் இருக்கட்டும். சில்லை வெட்டும் நாளில் அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இந்த காரில் ஏ.பி.எஸ். இல்லை, ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அறிந்து நிதானமாக ஓட்டுவான். இளம் வயதினருக்குக் கிளாசிக் கார் இன்சூரன்ஸ் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். அவன் பெயரைச் சொல்லி முன்கூட்டியே விசாரியுங்கள். காரின் மதிப்பை ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்யும் பாலிசியாகப் பாருங்கள்.

குளிர்காலம் முழுக்க அவன் கூடவே நின்று வேலை செய்தான், நிறுத்த இடமும் இருக்கிறது, இன்சூரன்ஸும் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் அவனிடம் கொடுங்கள். இரண்டு வாரத்தில் ஆர்வம் வடிந்துவிட்டால் வருத்தப்படாமல் விற்றுவிடுங்கள். வீட்டுச் சொத்து என்ற பாசத்தில் மறுபடி உறை போர்த்தி வைப்பது மட்டும் வேண்டாம். நிற்பதுதான் இந்த காருக்கு எமன்: சீல் காய்வதும், பெட்ரோல் பிசினாவதும், துரு ஏறுவதும் நிற்கும்போதுதான். யாரோ முன்பின் தெரியாதவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டினால், அதுவே உங்கள் மாமனாரின் ஆசைக்குச் செய்யும் மரியாதை.

விற்பதானால், செய்த வேலை, செய்யாத வேலை இரண்டையும் ஒரே தாளில் எழுதி முதல் பார்வையிலேயே கையில் கொடுங்கள். ஓட்டிப் பார்ப்பவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எதையும் மறைக்காது. அதிகம் தருகிறேன் என்பவரை விட, சில் போட்டோவை நின்று பார்த்து, கேள்வி கேட்பவரிடம் கொடுங்கள். பணம் கைக்கு வந்ததும், வி5சி-யில் புதியவருக்கான பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அன்றைக்கே டி.வி.எல்.ஏ.-வுக்குத் தெரிவித்துவிடுங்கள். மகனானாலும் வெளியாளானாலும், பில்கள், போட்டோக்கள், கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு அனுப்புங்கள். இன்னும் இருபது வருடம் கழித்து இந்த காரைப் பிரிக்கப்போகிறவருக்கு, இதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும்.