உப்புக்காற்றில் ஒரு கேட் (CAD) மேனேஜர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ராமநாதபுரத்தில் ஒரு சின்ன வரைபட அலுவலகம். ஒரே அறை, நாலைந்து கம்ப்யூட்டர். பதினைந்து வருஷமாக ஆட்டோகேடில் ஊறிய அண்ணன் ஒரு பக்கம், பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேற்று வந்த தம்பி இன்னொரு பக்கம். இங்கே சட்டம் பேசும் மேனேஜர் மறுநாள் டீயைத் தனியாகத்தான் குடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• கண்டிப்பை எதில் காட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் கரையில் அது கம்பியின் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் 'கடுமை' வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 கான்கிரீட், 45 மி.மீ. கவர். கடல்நீர்ச் சாரல் படும் இடம் 'மிகக் கடுமை': எம்35, 50 மி.மீ. கடலை விட்டுத் தள்ளி எங்கோ ஓர் ஊருக்குப் போட்ட வீட்டு ஷீட்டைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், பொதுக்குறிப்பில் இருந்த '20 மி.மீ.' அப்படியே கடலோரத் தங்கச்சிமடத்துக்கு வந்துவிடும். பிறகு உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பெயர்ந்து விழும்.

• சொல்ல வேண்டியதை டெம்ப்ளேட் சொல்லட்டும். லேயர் பெயர், டைமென்ஷன் ஸ்டைல், டைட்டில் பிளாக், கடலோரப் பொதுக்குறிப்பு எல்லாம் அதிலேயே இருந்தால் உங்கள் தொண்டை மிச்சம்.

• அந்த டெம்ப்ளேட்டை அண்ணனையே செய்யச் சொல்லுங்கள். "அண்ணே, நீங்க போடுற மாதிரியே எல்லாரும் போடணும், ஒரு பைல் பண்ணித் தாங்க" என்றால் போதும். தான் வகுத்த விதியை அவர் மீற மாட்டார். மற்றவர்களையும் மீற விடமாட்டார்.

• தரத்தை விட்டு விலகினால் எழுதி வையுங்கள். பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நவம்பரிலேயே, 72.5 மீட்டர் தூக்குப் பகுதி ரயில்வேயின் ஆர்.டி.எஸ்.ஓ. தரப்படி இல்லை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை குறை சொன்னது. ஸ்பெயினின் டிப்சா நிறுவனம் வடிவமைத்தது, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்று அமைச்சகம் பதில் தந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல. வழக்கத்தை விட்டு விலகியவரிடம் கேள்வி வந்தே தீரும். காரணம், சரிபார்த்தவர் பெயர், தேதி மூன்றும் அதற்கு முன்பே திருத்த அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும்.

• சைட்டில் மேஸ்திரி அடி, இஞ்சில் பேசுவார். நம் ஷீட் மி.மீ.யில் போகும். 230 மி.மீ. சுவரின் பக்கத்தில் '9 இஞ்ச்' என்றும் எழுத அனுமதியுங்கள். அதில் தரம் கெடாது.

செய்யக்கூடாதவை

• எல்லார் முன்னாலும் பிழையைப் படிக்காதீர்கள். அந்த 20 மி.மீ. குறிப்பை ஒரு முறை நானே பிடித்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அதைப் போட்டிருந்த அண்ணன் உடனே திருத்தினார். அடுத்த மூன்று மாதம் ஒரு சந்தேகம்கூட என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டவை எந்தெந்த ஷீட்டில் போயின என்று எனக்கு இன்றும் தெரியாது.

• எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து நீங்களே திருத்திவிடாதீர்கள். நாளைக்கும் அதே பிழைதான் வரும்.

• எழுத்துருவுக்கும் லேயர் நிறத்துக்கும் சண்டை போடாதீர்கள். ஆனால் கோட்டைச் சரி செய்யாமல் அளவு எண்ணை மட்டும் கையால் அடித்து மாற்றியிருந்தால் விடாதீர்கள், அது பொய்.

• "ஐ.எஸ். கோடு இப்படித்தான் சொல்லுது" என்று நிறுத்தாதீர்கள். தம்பியை பைக்கில் தனுஷ்கோடிச் சாலைக்கோ, கடலை ஒட்டிய ஏதாவது பழைய கட்டடத்துக்கோ கூட்டிப்போய், பெயர்ந்த தூணில் துருவேறிய கம்பியைக் காட்டுங்கள்.

• அவசர நாளில் உங்கள் விதியை நீங்களே மீறாதீர்கள். "இன்னைக்கு மட்டும்" என்பதைத்தான் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வார்கள்.

நேற்று சைட்டுக்கு அனுப்பிய ஷீட்டை இப்போதே திறந்து, பொதுக்குறிப்பில் கவர் எத்தனை என்று பாருங்கள்.