விழுந்த வண்டியை உடனே கிளப்பாதீங்க!

ராயல் என்ஃபீல்டு பைக்குகள் 2013 முதல் நம்ம ஒரகடத்தில் தயாராகின்றன. பக்கத்து வல்லம் வடகாலில் யமஹாவும் தயாராகிறது. ஆனால் கீழே சாய்ந்த வண்டியில் முதலில் எதைப் பார்க்கணும்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன மாதம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் மாமா, வடக்குப்பட்டு திருப்பத்தில் மணல் சறுக்கி மெதுவாகச் சாய்ந்தார். அடி இல்லை. நாலு பேர் பார்க்கிறாங்களே என்ற வெட்கத்தில் உடனே கிளப்பினார். பத்தடி போனதும் முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பவே இல்லை! நல்லவேளை, சிவப்பு சுவிட்சை அமுக்கிவிட்டார்.

காரணம் என்ன? கைப்பிடி தரையில் மோதினால் அதன் ரப்பர் உள்ளே தள்ளி, சுவிட்ச் பெட்டியில் உரசும். அதனால் இன்ஜினை நிறுத்திவிட்டு முறுக்கி விடுங்க. 'டக்'னு தானாகத் திரும்பணும். ஹேண்டில்பாரை இடது, வலது முழுசா ஒடித்தும் பாருங்க.

அடுத்து பிரேக். வலப்பக்கம் விழுந்தால் பிரேக் பெடல் வளைந்து இன்ஜினில் முட்டும், மிதித்தாலும் பிடிக்காது. டிஸ்க் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஓட்டவே கூடாது, தள்ளிக்கிட்டுத்தான் போகணும். இடப்பக்கம்னா கியர் லிவர், கிளட்ச். முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் நேரா இருக்கா?

பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீங்க. 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.-6 பைக்குகள் பல, சாய்ந்தால் தானே நின்றுவிடும். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யணும்.

கண்ணாடிக் கீறலைக் கடைசியில் பார்க்கலாம். மாமா முதலில் துடைத்துப் பார்த்தது அதைத்தான்!