சாட்பாட் செய்யும் தம்பிக்கு வயது என்ன?

படிவம் 3, படிவம் 4 படிக்கும் தம்பி தங்கைகளே இப்போது சொந்தமாகச் சாட்பாட் செய்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து கணினி வகுப்பு நடத்துகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி வருகிற பிள்ளைகளும் உண்டு. தேவார வகுப்பு நேரம் சொல்லும் சாட்பாட், கணக்குப் பாடம் சொல்லித்தரும் சாட்பாட் என்று விதவிதமாகச் செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறார்கள். "அண்ணா, நல்லதுதானே செய்றோம்? எதுக்கு வயசு கேக்குறாங்க, ஐசி கேக்குறாங்க?" இந்த மாதப் பாடம் அந்தக் கேள்விக்காக.

1. ஏன் 18?

'ஒப்புக்கொள்கிறேன்' என்று பட்டனைத் தட்டுவதும் ஓர் ஒப்பந்தம்தான். நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில்தான் ஒருவர் பெரியவர் ஆகிறார். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் அந்த வயதைத்தான் பார்க்கிறது. 16 வயதுப் பிள்ளை போட்ட ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. பில் கட்டாவிட்டாலும், தவறாகப் பயன்படுத்தினாலும், நிறுவனம் யாரைப் பிடிக்கும்?

அதனால்தான் இந்த விதிகள். சாட்ஜிபிடியைப் பயன்படுத்த 13 வயது போதும், 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். கூகளின் ஜெமினி ஏபிஐ-யை எடுத்துச் செயலி கட்டுபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தச் செயலியும் 18-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கானதாக இருக்கக் கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு வயது வந்துவிட்டது என்பதற்காக, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டு சாட்பாட் செய்துவிட முடியாது.

இன்னொரு காரணம் பிள்ளைகளின் பாதுகாப்பு. கேரக்டர் ஏஐ நிறுவனம் 2025 நவம்பர் 25 முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதன் பாத்திரங்களோடு தடையில்லாமல் அரட்டை அடிப்பதை நிறுத்தியது. நம் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம், பெண்கள், பிள்ளைகளின் ஆபாசப் படங்களை உருவாக்கப் பயன்பட்டதால் குரோக் சாட்பாட்டை எம்சிஎம்சி தற்காலிகமாகத் தடுத்தது.

2. அண்ணன் ஐசி வேண்டாம்

"அண்ணனோட ஐசிய ஸ்கேன் பண்ணிப் போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 1990-ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிகளின்படி, அடுத்தவர் ஐசியைத் தன்னுடையதுபோல் காட்டினால் 3 ஆண்டுவரை சிறை அல்லது 20,000 ரிங்கிட்வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். வள்ளுவர் கள்ளாமையையும் வாய்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். கடன் வாங்கிய ஐசியில் இரண்டும் ஒன்றாகவே போய்விடுகின்றன.

நேர் வழிகள் இருக்கின்றன. வகுப்பு நேரம் சொல்ல ஏஐ தேவையே இல்லை. பைத்தானில் கேள்வி-பதில் பட்டியல் எழுதினாலே போதும். ஏஐ வேண்டுமென்றால் சிறிய திறந்த மாடல் ஒன்றை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பழகலாம். ஏபிஐ கட்டாயம் வேண்டுமா? அப்பாவோ ஆசிரியரோ விவரம் தெரிந்து, தம் பெயரிலேயே கணக்குத் திறந்து, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும்.

3. இனி கேட்பவர் நீங்கள்

சாட்பாட்டுக்கு ஆள் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடும். இப்போது மற்றவர்களின் வயதை நீங்கள் பார்க்க வேண்டும். உடனே ஐசி எண்ணைக் கேட்கத் தோன்றும். அந்த 12 இலக்கங்களைக் கொஞ்சம் பாருங்கள். முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த இடம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வயதை மட்டும் கேட்கப் போய் இவ்வளவையும் வாங்கிவிடுகிறோம்.

வாங்கினால் காக்க வேண்டும். டிஸ்கார்டுக்கு வேலை செய்த ஒரு வெளி நிறுவனத்திடமிருந்து சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே தெரிவித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. நம் கூகள் ஷீட் எம்மாத்திரம்? வணிகத்துக்காகத் தகவல் திரட்டுபவர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட்வரை போகலாம்.

ஆகவே தேவையானதை மட்டும் கேளுங்கள். "13 வயது ஆகிவிட்டதா? ஆம், இல்லை" போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கான சாட்பாட் என்றால் ஆசிரியரிடமே பெயர்ப்பட்டியல் இருக்கிறது. யார் யாரைச் சேர்க்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

4. ஐசி இல்லாதவர்

இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஐசி கிடைக்காதவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் போனது, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டது என்று காரணங்கள் பல. 2011-இல் மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்ததே இந்தியர்களிடையே இருந்த இந்தச் சிக்கலுக்காகத்தான்.

16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி 2026-இல் விதி வரும் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். மைகாட், பாஸ்போர்ட், மைடிஜிட்டல் ஐடி கொண்டு வயதைச் சரிபார்ப்பது திட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்த மூன்றும் இல்லாத 17 வயதுத் தங்கை தன் வயதை எப்படி நிரூபிப்பாள்?

நாட்டின் விதியை நாம் எழுதவில்லை. நம் சாட்பாட்டின் விதியை நாம்தான் எழுதுகிறோம். 'ஐசி இல்லையேல் நுழைவு இல்லை' என்று ஒரு வரி கோட் எழுதினால், முதலில் வெளியே நிற்பது அந்தத் தங்கைதான். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், சாட்பாட்டில் இடம் கொடுப்பதோடு நிற்காமல், பெற்றோரோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போக ஒரு பெரியவரைத் துணைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கலந்துரையாட:

1. உங்கள் சாட்பாட் இப்போது என்னென்ன தகவல் கேட்கிறது? எதை நீக்கினாலும் வேலை நடக்கும்?
2. அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அவருக்கு அது தெரியுமா?
3. ஐசி இல்லாத ஒருவர் வந்தால் உங்கள் சாட்பாட் என்ன பதில் சொல்லும்?