வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

சத்தியவேடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். 2022 முதல் ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இங்கிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகலாம்.

ஒரு நாள் காலை. பஞ்சர் கடை முன்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. தக்காளி இறக்கிவிட்டு வந்த வண்டி. ஓட்டி வந்த இளைஞர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“அண்ணே, போன மாதம்தான் கனமான டயர் போட்டேன். அன்று முதல் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. தக்காளி நசுங்குகிறது. இடுப்பு வலி தாங்கவில்லை. அதனால் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன்” என்றார்.

கடைக்காரர் டயரைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார். டயர் கொதித்தது.

“தம்பி, நல்ல வேளை நிறுத்தினாய். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் டயர் வெடித்திருக்கலாம்” என்றார். பிறகு விளக்கிச் சொன்னார்.

சுமையைத் தாங்குவது எது?

சுமையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பை போன்றவை. 1888இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட, காற்றடைத்த டயரைச் செய்தார். குலுக்கலைக் குறைக்கவே காற்று டயர் வந்தது.

கனரக டயரில் பிளை அதிகம். பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும். சுமை இருக்கும்போது அளவாக அமுங்கும். சுமை இல்லாதபோது அமுங்காது. பள்ளத்தின் அதிர்ச்சி அப்படியே மேலே வரும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளும் சுமைக்காகச் செய்தவையே. அதனால் காலி வண்டி துள்ளுகிறது.

காற்றைக் குறைத்தால் என்ன?

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறும் அல்லவா? டயரும் அப்படித்தான். சூட்டில் உள் நூல் பிரியும். ஓரங்கள் சீக்கிரம் தேயும். டீசல் செலவும் கூடும்.

“அப்படியானால் என்ன செய்வது?” என்று கேட்டார் இளைஞர்.

“நீதான் எழுதப் படிக்கக் கற்றுவிட்டாயே! டயரைப் படி” என்றார் கடைக்காரர்.

டயரின் பக்கத்தில் 104 என்று இருந்தது. அது கிலோ அல்ல, குறியீடு. சரியான காற்று இருந்தால் அந்த ஒரு டயர் 900 கிலோ வரை தாங்கும் என்று பொருள். இன்னோர் இடத்தில் 2321 என்று இருந்தது. 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் அது.

“டயர் தாங்குகிறதே என்று கூடுதல் சுமை ஏற்றாதே. அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் தாங்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையே எல்லை” என்றார்.

சத்தியவேடு தொகுதியிலேயே, சின்னபாண்டூரில், 2020இல் ஒரு பெரிய டயர் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. டயர் செய்வது பக்கத்து ஊரில். அதில் எழுதியிருப்பதைப் படிப்பது நம் கையில்.

கடைக்காரர் டயர் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு வண்டிக் கையேட்டைப் பார்த்துக் காற்று பிடித்தார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தது. அதை மாற்றச் சொன்னார்.

நினைவில் கொள்வோம்

1. வண்டிக்குக் குறித்த அளவு டயரே போட வேண்டும். தேவைக்கு மேல் கனம் வேண்டாம்.
2. காலையில், டயர் சூடாகும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும்.
3. காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் கையேடு வேறு வேறு அளவு சொன்னால் அதன்படி பிடிக்கலாம். சுமை ஏற்றும் முன் மறக்காமல் கூட்ட வேண்டும்.
4. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது.
5. மோசமான சாலையில் வேகத்தைக் குறைப்பதே இடுப்புக்கு நல்ல மருந்து.

பயிற்சி

1. காலி வண்டி ஏன் துள்ளுகிறது?
2. டயரில் 1522 என்று இருந்தால் அது எப்போது செய்த டயர்?
3. ஒரு வண்டியின் மொத்த எடை எல்லை 2,500 கிலோ. காலி எடை 1,500 கிலோ. டிரைவர், உடன் வருபவர் எடை 130 கிலோ. எவ்வளவு சரக்கு ஏற்றலாம்?
4. உங்கள் ஊர் வண்டி ஒன்றின் டயரில் உள்ள எண்களைப் பார்த்து எழுதுங்கள்.